பழைய சரக்குத் தளத்தை வலுப்படுத்தும் திட்டம்: சுற்றுச்சூழல் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறைமுகத்தின் பழைய சரக்குத் தளம் ஒன்றை வலுப்படுத்தி நவீனமாக்கப் போவதாக அறிவிப்பு வருகிறது. கூடவே சில நூறு பக்கங்களில் ஒரு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வருகிறது. கருத்துச் சொல்லத் தருவது சில வாரங்கள்தான். அவ்வளவு பக்கங்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது, எதை நம்புவது, எதை நோண்டிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது.

வலுப்படுத்துவது என்றால் அங்கே என்ன வேலை நடக்கும்?

கரையை ஒட்டித் தண்ணீருக்குள் நிற்கும் ஒரு நீண்ட மேசையாகத் தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கால்கள் பைல்கள், பலகை கான்கிரீட். (கால்களே இல்லாமல் கனத்த சுவராக எழுப்பிய தளங்களும் உண்டு.) இந்த மேசைக்கு இரண்டு வகையில் வயதாகிறது.

ஒன்று, உப்பு. அலை தெறிக்கும் மட்டத்தில் கான்கிரீட் நனைவதும் காய்வதுமாக இருக்கும். குளோரைடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் கான்கிரீட் வெடித்து உதிரும். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் பகுதியில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, கப்பல் வளர்ந்துவிட்டது. 1956-இல் கிளம்பிய ‘ஐடியல் எக்ஸ்’, தொடக்ககாலக் கன்டெய்னர் கப்பல்களில் ஒன்று, சுமந்தது 58 பெட்டகங்கள். இன்றைய மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் சுமார் 400 மீட்டர் நீளம். இருபதடிக் கணக்கில் 24,000 பெட்டகங்கள் ஏற்றும். அவற்றுக்கு எட்டும் கிரேன்களும் அகன்றுவிட்டன. பழைய கிரேன்களின் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல இடங்களில் 15.24 மீட்டர்தான் இருந்தது, புதியவற்றுக்கு 30.48 மீட்டர் என்பது பரவலான அளவு. அப்படியென்றால் கரைப்பக்கத் தண்டவாளத்துக்குப் புதிய உத்திரம் வேண்டும், அதைத் தாங்கப் புதிய பைல்கள் வேண்டும்.

ஆகவே ‘வலுப்படுத்துதல்’ என்ற ஒரு சொல்லுக்குள், உதிர்ந்த கான்கிரீட்டைப் பூசுவது, பைல்களுக்கு உறை போடுவது, துருவைத் தடுக்கத் துத்தநாக அல்லது அலுமினியக் கட்டிகளைப் பொருத்துவது, புதிய பைல் அடிப்பது, கயிறு கட்டும் முளைகளையும் கப்பல் இடிப்பதைத் தாங்கும் ஃபெண்டர்களையும் மாற்றுவது, தளத்தின் அடியில் எஃகுத் தகட்டுச் சுவர் இறக்குவது, அதன் முன்னால் ஆழப்படுத்துவது எல்லாம் அடங்கும். முதல் மூன்று பழுதுபார்ப்பு. கடைசி இரண்டும் வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இருக்கிற தளத்தைப் பழுதுபார்க்கக்கூட ஆய்வு வேண்டுமா?

வெறும் பழுதென்றால் பெரும்பாலும் வேண்டாம். அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தானது. ஐரோப்பாவில் இதற்கான பொது விதி 1985-இல் வந்தது. இந்தியாவில் 1994-இல் முதல் அறிவிக்கை, இப்போது நடப்பில் இருப்பது 2006-இன் அறிவிக்கை. நாட்டுக்கு நாடு சட்டம் வேறாக இருந்தாலும் ஏணி ஒன்றுதான்: சின்ன வேலைக்கு விலக்கு, நடுத்தர வேலைக்குச் சுருக்கமான ஆய்வு, பெரிய பாதிப்பு வரலாம் என்றால் முழு அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும்.

ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: வேலை முடிந்த பிறகு இந்தத் தளத்தில் முன்பைவிட அதிகமான, அல்லது வேறு மாதிரியான, சரக்கு நடமாட்டம் இருக்குமா? அதனால்தான் விண்ணப்பங்களில் ‘கொள்ளளவு அதிகரிக்காது’ என்ற வாக்கியத்துக்கு இவ்வளவு மவுசு.

‘கொள்ளளவு அதிகரிக்காது’ என்று அறிக்கை சொல்கிறது. நம்பலாமா?

சில சமயம் அது உண்மை. சரக்கு தேங்குவது தளத்தில் அல்ல, பின்னாலுள்ள பெட்டக முற்றத்திலோ வாயிலிலோ ரயில் பாதையிலோ என்றால், தளத்தை எவ்வளவு வலுப்படுத்தினாலும் ஆண்டுக் கணக்கு ஏறாது. அறிக்கை இதை எண்களோடு காட்டினால், குறை சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 200 கப்பல், ஒவ்வொன்றிலும் 2,000 பெட்டகம் ஏற்றி இறக்கினால் 4 லட்சம். கப்பல் பெரிதாகி 100 வந்து, ஒவ்வொன்றிலும் 4,000 என்றாலும் அதே 4 லட்சம்தான். அறிக்கை ‘மாற்றமில்லை’ என்று எழுதும். அது பொய்யும் அல்ல. ஆனால் ஒரு கப்பல் வந்தால் இரு மடங்கு பெட்டகம் அதே இரண்டு மூன்று நாளில் வெளியேற வேண்டும். லாரி வரிசை, இரவு வேலை, இரைச்சல் எல்லாம் குவிந்து வரும். வீட்டு ஜன்னலோரம் படுத்திருப்பவருக்கு ஆண்டுச் சராசரியால் என்ன பயன்? உச்ச நாளின் கணக்கைக் கேளுங்கள்.

இன்னொன்று, வரைபடம். நான் அறிக்கையைத் திறந்ததும் சுருக்கவுரையைத் தாண்டிக் குறுக்குவெட்டுப் படத்துக்குத்தான் போவேன். அங்கே தளத்தின் முன்பக்க ஆழம் இரண்டு எண்களாக இருக்கும்: இன்றைய ஆழம், வடிவமைப்பு ஆழம். தகட்டுச் சுவரும் பைல்களும் வடிவமைப்பு ஆழத்துக்கு ஏற்பவே கணக்கிடப்படும். இன்று 12 மீட்டர், வடிவமைப்போ 16 மீட்டர் என்றிருந்தால், யாரோ 16 மீட்டருக்குத் தோண்டப் போகும் நாளை மனத்தில் வைத்துக் காசு செலவழிக்கிறார்கள். அதில் குற்றமில்லை, ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் ஒன்றைக் கட்டும்போது நாளையையும் நினைக்கத்தான் வேண்டும். ஆனால் நாளை வரப்போகும் அந்த ஆழமும் கப்பலும் ஆய்வில் இல்லையென்றால், இப்போது தளம், இரண்டு வருடம் கழித்துத் தூர்வாரல், அப்புறம் கிரேன் என்று ஒரே திட்டத்தைத் துண்டு போடுகிறார்கள் என்று பொருள். ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். துண்டு போட்டு ஆய்வைத் தட்டிக்கழிப்பதை இந்தச் சட்டங்களின் கீழ் நீதிமன்றங்கள் பலமுறை கண்டித்திருக்கின்றன.

எதோடு ஒப்பிட்டு ‘பாதிப்பு இல்லை’ என்கிறார்கள்?

அடிப்படை நிலையோடு. அது எந்த ஆண்டு என்று பாருங்கள். தளம் பரபரப்பாக இருந்த ஆண்டை எடுத்துக்கொண்டால் திட்டத்தின் பாதிப்பு சின்னதாகத் தெரியும். காலியாகக் கிடந்த ஆண்டை எடுத்தால் பெரிதாகத் தெரியும். 2020 போன்ற பெருந்தொற்று ஆண்டு எந்தப் பக்கமும் சரியான அளவுகோல் ஆகாது. பல ஆண்டுச் சராசரி கேட்பது நியாயம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘திட்டம் இல்லாத நிலை’ என்பதும் ‘இன்றைய நிலை’ என்பதும் ஒன்றல்ல. தளம் சிதைந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் பொறியாளர் பாரக் கட்டுப்பாடு விதிப்பார். கனரகக் கிரேன் ஏறக்கூடாது என்பார். கப்பல்கள் வேறு தளத்துக்குப் போகும். அந்தச் சரியும் எதிர்காலத்தோடு ஒப்பிட்டால், ‘வெறும் பழுதுபார்ப்பு’ என்று சொல்லப்படுவதுகூட நிறையச் சரக்கைத் தக்கவைக்கும் திட்டமாகத் தெரியும். நல்ல அறிக்கை இரண்டோடும் ஒப்பிட்டுக் காட்டும்.

அறிக்கையை யார் எழுதுகிறார்கள்?

துறைமுகம் சம்பளம் கொடுத்து அமர்த்திய ஆலோசனை நிறுவனம்தான் பல நாடுகளில். அதனால் மட்டுமே அது பொய்யாகிவிடாது. அளவீடுகள் எந்த மாதத்தில், எத்தனை இடத்தில், எத்தனை நாள் எடுக்கப்பட்டன என்ற பட்டியலைப் பாருங்கள். மீன் முட்டையிடும் பருவத்தைத் தவிர்த்துவிட்டு எடுத்த மீன் கணக்கெடுப்பு எதற்கும் உதவாது.

பைல் அடிக்கும் சத்தம் மீன்களைக் கொல்லுமா?

கொல்லலாம். பெரிய எஃகுக் குழாய்ப் பைலைச் சுத்தியலால் அடிக்கும்போது ஒவ்வொரு அடியும் ஓர் அழுத்த அலை. தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல். மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை அந்த அழுத்தத்தில் சட்டென்று சுருங்கி விரியும்; பக்கத்து உறுப்புகள் கிழியும். தூரத்து மீன் சாகாது, ஆனால் அந்த இடத்தைவிட்டுப் போகும். சில வகைகளுக்குக் கேட்கும் திறன் தற்காலிகமாக மங்கும். ஒலியை வைத்தே இரை தேடும் ஓங்கில்களுக்கும் பிற கடல் பாலூட்டிகளுக்கும் பாதிப்பு எல்லை இன்னும் விரிந்தது.

அறிக்கையில் 180, 200 டெசிபல் என்றெல்லாம் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. நீரிலுள்ள டெசிபலும் காற்றிலுள்ள டெசிபலும் ஒரே அளவுகோல் அல்ல. நீரில் ஒரு மைக்ரோபாஸ்கலை அடிப்படையாக வைப்பார்கள், காற்றில் இருபது. ஆகவே ‘ஜெட் விமானத்தைவிடச் சத்தம்’ என்று எழுதும் துண்டுப்பிரசுரங்களை ஒதுக்கிவிடுங்கள். வரம்பு எது என்றுதான் பார்க்க வேண்டும். அமெரிக்க மேற்குக் கரையில் 2008 முதல் மீன்களுக்கு வைத்திருக்கும் இடைக்கால வரம்பு உச்சத்தில் 206 டெசிபல். நாள் முழுதும் விழும் அடிகளைக் கூட்டிய கணக்கில் 187, இரண்டு கிராமுக்கும் குறைந்த குஞ்சுகளுக்கு 183. ஜெர்மனியில் கடல் காற்றாலைகளுக்குப் பைல் அடிக்கும்போது, 750 மீட்டர் தள்ளி ஓர் அடியின் ஒலி ஆற்றல் 160 டெசிபலைத் தாண்டக்கூடாது.

குறைக்க வழி இருக்கிறது. எஃகுக் குழாய்க்குப் பதில் கான்கிரீட் பைல் என்றால் சத்தம் கணிசமாகக் குறையும். அடிப்பதற்குப் பதில் அதிர்வு இயந்திரத்தால் இறக்கலாம். உச்ச அழுத்தம் குறைவு, ஆனால் ஓயாத ஒலி. அதோடு, பைல் பாரம் தாங்குமா என்று உறுதிசெய்யக் கடைசியில் சில அடிகள் சுத்தியலால் போடவே வேண்டியிருக்கும். அந்த அடிகள் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா பாருங்கள். பைலைச் சுற்றிக் காற்றுக் குமிழித் திரை விடுவது இன்னொரு வழி. நீரிலிருந்து காற்றுக்கு மாறும் எல்லையில் ஒலி சிதறி வலுவிழக்கும். ஓட்டம் பலமாக உள்ள இடத்தில் குமிழிகள் அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே குழாய்க்குள் அடைத்த திரைதான் வேலை செய்யும். அறிக்கையில் ‘குமிழித் திரை பயன்படுத்தப்படும்’ என்று மட்டும் இருந்தால், எந்த வகை, ஓட்டத்தின் வேகம் என்ன என்று கேளுங்கள்.

மெல்லத் தொடங்கிப் பலத்தைக் கூட்டுவது, பார்வையாளர் ஒருவர் பாலூட்டிகளைக் கண்டால் வேலையை நிறுத்துவது, முட்டையிடும் மாதங்களில் அடிக்காமல் இருப்பது ஆகியவையும் வழக்கமான நிபந்தனைகள். இவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை கடைசியில்தான். பார்வையாளருக்குக் கண் கசக்கலாம், மூடுபனி வரலாம். நாட்காட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடியில் கிடக்கும் சேறு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

துறைமுகத்தின் நாட்குறிப்பு அதுதான். கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க ஒருகாலத்தில் டிரைபியூட்டைல்டின் கலந்த வண்ணம் பூசினார்கள். அது நத்தைகளின் பாலுறுப்பையே குலைத்தது. 2001-இல் அதைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை, 2008-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் உதிர்ந்ததெல்லாம் சேற்றில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கிறது. கூடவே செம்பு, பாதரசம், எரிபொருளிலிருந்து வந்த பல்வளைய ஹைட்ரோகார்பன்கள், பழைய மின்மாற்றி எண்ணெயிலிருந்த பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள்.

சும்மா கிடந்தால் அதன் மேல் புதுச் சேறு படிந்து மூடிக்கொள்ளும். பைலைப் பிடுங்கினாலோ தோண்டினாலோ கலங்கும். கவனிக்க வேண்டியது, தோண்டி எடுப்பதைவிடத் தோண்டியபின் வெளியே தெரியும் அடுக்கு. மேல் ஒரு மீட்டரைச் சோதித்துச் சுத்தம் என்று காட்டிவிட்டு மூன்று மீட்டர் தோண்டினால், புதிதாகத் திறந்த தரையில் பழைய நஞ்சு இருக்கலாம். மாதிரிகள் தோண்டும் ஆழத்தையும் தாண்டி எடுக்கப்பட்டனவா? வேதியியல் அளவு மட்டுமா, உயிரிகளை அந்தச் சேற்றில் விட்டுப் பார்த்த சோதனையும் உண்டா?

எடுத்த சேறு எங்கே போகும் என்பது அடுத்தது. கடலில் கொட்டுவதை 1972-இன் லண்டன் உடன்படிக்கையும், அதை இறுக்கிய 1996-இன் நெறிமுறையும் கட்டுப்படுத்துகின்றன. தூர்வாரிய மண்ணுக்கு இடம் உண்டு, ஆனால் சோதித்து, அனுமதி வாங்கித்தான். அசுத்தமானதைக் கரையில் அடைக்க வேண்டும். அதிலிருந்து வடியும் நீருக்கும் கணக்கு வேண்டும்.

வண்டல் தடுப்புத் திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அமைதியான நீரில் நன்றாக உழைக்கும். ஓட்டமும் அலையும் உள்ள இடத்தில் பாவாடையாகத் தூக்கிக்கொள்ளும். கலங்கல் அடியில் நழுவிப் போகும். திரை போட்டாயிற்று என்பதோடு நிற்காமல், திரைக்கு வெளியே கலங்கலை அளந்து, அளவு மீறினால் வேலையை நிறுத்துவார்களா என்பதே கேள்வி.

பழைய மரப் பைல்களைப் பிடுங்குவது நல்லதா கெட்டதா?

கிரியோசோட் (மரம் உளுத்துப்போகாமலிருக்க ஏற்றும் தார் எண்ணெய்) ஊறிய மரமென்றால், நீண்டகாலத்தில் நல்லது. பிடுங்கும் வாரத்தில் கொஞ்சம் கெட்டது. ஒடிந்தால் சேற்றுமட்டத்துக்குக் கீழே வெட்டி, மேலே சுத்தமான மணல் மூடுவார்கள்.

தளம் அகலமானால் கீழே நிழல் விழுமே?

விழும். ஆழமற்ற இடத்தில் கடற்புல் இருந்தால் நிழலில் அது சாகும். அந்தப் பரப்பைக் கணக்கிட்டு வேறிடத்தில் ஈடுசெய்யச் சொல்வது வழக்கம். ஏற்கனவே 14 மீட்டர் ஆழமுள்ள கலங்கிய நீரில் இது பெரிய விஷயமல்ல.

காற்று மாசைப் பொறுத்தவரை கட்டுமானக் காலமா, அதற்குப் பிறகா முக்கியம்?

கட்டும்போது வரும் புகை கண்ணில் படும். ஓரிரு ஆண்டில் முடியும். அதன்பின் ஐம்பது ஆண்டு தளத்தில் கட்டிநிற்கும் கப்பல்களின் துணை இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. 2020 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5-ஆகக் குறைந்தது பெரிய ஆறுதல்தான். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் அதனால் குறையவில்லை.

கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் கப்பல் தன் இயந்திரத்தை அணைத்துவிடலாம். கலிஃபோர்னியா 2007-இல் இதற்கு விதி கொண்டுவந்தது; ஐரோப்பிய ஒன்றியம் 2030-லிருந்து முக்கியத் துறைமுகங்களில் கன்டெய்னர், பயணிகள் கப்பல்களுக்கு இதைக் கேட்கிறது. தளத்தின் கான்கிரீட்டை உடைத்துப் போடும் இந்தத் திட்டத்தின் நடுவில் மின்குழாய்களைப் பதிப்பது சுலபம். மூடிப் பூசியபிறகு மறுபடி உடைக்க யாரும் முன்வர மாட்டார்கள். ‘எதிர்காலத்தில் பரிசீலிக்கப்படும்’ என்று அறிக்கை எழுதியிருந்தால், குழாயையும் மின்மாற்றிக்கான இடத்தையுமாவது இப்போதே விடச் சொல்லிக் கருத்து எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ளதிலேயே நிறைவேறும் வாய்ப்பு அதிகமுள்ள கோரிக்கை இதுதான் என்பது என் கணிப்பு.

நிலநடுக்கமும் கடல்மட்டமும் சுற்றுச்சூழல் ஆய்வில் எதற்கு?

1995-இல் கோபே துறைமுகத்தின் பெரும்பாலான தளங்கள் ஒரே நடுக்கத்தில் பயனற்றுப் போயின. நிரப்பிய மண் குழம்பாகி, கரைச்சுவர்கள் மீட்டர் கணக்கில் கடல் பக்கம் நகர்ந்தன. எண்ணெய்க் குழாய் ஓடும் தளத்தில் அப்படி நடந்தால் அடுத்த செய்தி எண்ணெய்ப் படலம். கடல்மட்டத்துக்கு, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2021-இல் தந்த கணிப்பின்படி, உமிழ்வு மிக அதிகமான பாதையில் 2100-க்குள் 0.63 முதல் 1.01 மீட்டர் உயர வாய்ப்பு. தளத்தின் மேல்மட்டம் எந்த எண்ணை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

நான் எழுதும் கருத்தை யாராவது படிப்பார்களா?

முழு அறிக்கைக்கான நடைமுறையில், வந்த கருத்துகளுக்குப் பதில் எழுத வேண்டிய கடமை பல நாடுகளில் உண்டு. பதில் எழுதியே தீர வேண்டிய கேள்வியாகக் கேட்பதுதான் சூட்சுமம். ‘கடல் பாழாகும், திட்டத்தைக் கைவிடுக’ என்றால் ‘கருத்து பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு வரியில் முடிப்பார்கள். ‘குறுக்குவெட்டுப் படத்தில் வடிவமைப்பு ஆழம் 16 மீட்டர்; திட்ட விளக்கத்தில் 12. எந்த ஆழத்துக்கு ஆய்வு நடந்தது?’ என்றால் யாராவது உட்கார்ந்து பதில் தேட வேண்டும்.

மீன்பிடிப்பவர்களுக்கு இதில் ஒரு பலம் உண்டு. எந்த மாதத்தில் எந்த மீன் தளத்தோரம் ஒதுங்கும், எந்த ஓட்டத்தில் கலங்கல் எந்தப் பக்கம் போகும் என்பது ஆலோசகரின் நான்கு நாள் அளவீட்டில் வராது. வலை போட்ட நாள், இடம், பிடிபட்டது என்று எழுதிவைத்த நோட்டு இருந்தால் அதன் நகலை இணையுங்கள். மதிப்பீட்டாளர் அதை ஒதுக்கலாம், ஆனால் ஏன் ஒதுக்கினார் என்று எழுத வேண்டியிருக்கும்.

அனுமதி கிடைத்துவிட்டால் ஆய்வு முடிந்ததா?

காகிதத்தில் முடிந்தது. நிபந்தனைகளின் மொழியைப் பாருங்கள். ‘முடிந்தவரை’, ‘தேவைப்பட்டால்’ என்ற சொற்கள் உள்ள நிபந்தனையை யாராலும் மீற முடியாது, ஏனென்றால் அதில் மீற எதுவும் இல்லை. ‘நீரொலிமானியில் வரம்பு தாண்டினால் அடுத்த பைலுக்கு முன் வேலை நிற்கும், பதிவுகள் வாரந்தோறும் வெளியிடப்படும்’ என்பதே நிபந்தனை.

வேலை முடிந்து முதல் ஆண்டில் எத்தனை கப்பல், எவ்வளவு நீளம், எத்தனை பெட்டகம், எத்தனை லாரி என்ற கணக்கு துறைமுகத்தின் ஆண்டறிக்கையில் வரும். மதிப்பீட்டு அறிக்கையிலும் அதே தலைப்புகளோடு ஓர் அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்தை இப்போதே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இணையத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம்.